வட்டார நலவாய்வில் இளையோர் பங்கு: ஹார்லெம் நடைபாதை ஆய்வை முன்வைத்து

ஒரு குடியிருப்பின் நலக்குறைவை ஆராயப் புகுவோர், அங்குள்ள இளையோரைப் பெரும்பாலும் அளக்கப்படுவோராகவோ வினாநிரலை வீடுதோறும் கொண்டு செல்வோராகவோ மட்டுமே கருதுகின்றனர். ஆய்வின் முடிவையே மாற்றவல்ல பணி அவர்களிடம் ஒப்படைக்கப்படுவது அரிது. அவ்வாறு ஒப்படைக்கப்பட்ட ஒரு நிகழ்வை இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

1990களில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக் குழந்தைகளிடையே ஆஸ்துமா மிகுந்திருந்தது. மன்ஹாட்டன் தீவின் டீசல் பேருந்துப் பணிமனைகளுள் பெரும்பாலானவை அதன் வடபகுதியிலேயே அமைந்திருந்தன. 1988இல் தோன்றிய ‘வீ ஆக்ட்’ என்னும் வட்டார அமைப்பு இப்புகை குறித்துக் குரல் எழுப்பியது. கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதனுடன் இணைந்தனர்.

1996 ஜூலையில் ஐந்து நாள்கள், நான்கு சாலைச் சந்திப்புகளில், நாளொன்றுக்கு 8 மணி நேரம் காற்று மாதிரிகள் திரட்டப்பட்டன. பயிற்சி பெற்ற அப்பகுதி மாணவர்கள் கருவிகளை முதுகில் சுமந்து நடைபாதையில் நின்றனர். கடந்து சென்ற கார், பேருந்து, லாரி, பாதசாரி அனைத்தும் எண்ணப்பட்டன. எண்ணுவது எளிய பணியெனத் தோன்றலாம்; ஆய்வின் உயிர்நாடி அதுவே. நுண்துகளின் அளவு இடத்துக்கு இடம் பெரிதும் மாறவில்லை: கனமீட்டருக்கு 37 முதல் 47 மைக்ரோகிராம் வரை. டீசல் புகையைக் காட்டிக்கொடுக்கும் கரித்துகளோ 1.5 முதல் 6 வரை, நான்கு மடங்கு வேறுபட்டது. 8 மணி நேரத்தில் சென்ற டீசல் வண்டிகள் ஓரிடத்தில் 61, மற்றோரிடத்தில் 2,467. இவ்வெண்ணிக்கை இல்லையேல், கரித்துகளின் வேறுபாட்டைத் தெருவில் ஓடும் வண்டிகளோடு பொருத்திக் காட்ட இயன்றிராது.

இதனோடு 1999இல் வெளிவந்த மற்றோர் ஹார்லெம் ஆய்வை ஒப்பிடலாம். ஏழாம் வகுப்பு மாணவர் 24 பேரின் சிறுநீரைச் சோதித்த அவ்வாய்வு, முக்கால் பங்கினரிடம் புகைசார் வேதிப்பொருளின் தடயத்தைக் கண்டது. பயனுள்ள ஆய்வுதான், எனினும் அங்கு மாணவர் அளக்கப்பட்டோர், முன்னதில் அளந்தோர்.

மாணவர் பங்கை மிகைப்படுத்தலும் தகாது. புகையைப் பற்றிய ஐயத்தை முதலில் எழுப்பியோர் அமைப்பின் மூத்தோரே. கருவி சுமந்ததனால் மட்டும் ஒருவரை ‘இணையாய்வாளர்’ எனல் பொருந்துமா என்பதில் எமக்கு இன்னும் தயக்கம் உண்டு.

தமிழாசிரியர்க்கு இங்கு ஓர் இடமுண்டு. தமிழில் நலவாய்வு வினாநிரல் அமைப்போர் ‘ஈளை நோய் உண்டா?’ என வினவுவர். வீட்டார் அதனை ‘இழுப்பு’ என்றே அறிவர். ஆதலின் ‘இல்லை’ எனும் விடை பிழையாகப் பதிவாகும். வினாநிரலை அச்சுக்கு அனுப்புமுன் மாணவரிடம் கொடுத்துத் திருத்தச் சொல்வதை நாம் வழக்கமாகக் கொண்டுள்ளோம். முதல் திருத்தம் பெரும்பாலும் நோயின் பெயரிலேயே விழுகிறது.