வெயிலைச் சுமந்து வரும் வைரஸ்

திண்டுக்கல் மாவட்டத்தில் ஆத்தூர், சித்தையன்கோட்டைப் பக்கம் நடவு முடிந்த வயலின் வரப்பில் குனிந்து பாருங்கள். நாற்றின் காலடியில் தேங்கிய நீரில் வழுவழுப்பான பச்சைப் படலம் மிதக்கும். விரலால் எடுத்தால் கொழகொழவென்று நூல் நூலாக வரும். நீலப்பச்சைப் பாசி. இதில் பல வகைகள் காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்து மண்ணில் சேர்ப்பதால், உயிர் உரமாகவே வயலில் இடுகிறார்கள். பெயரில்தான் இது பாசி. உண்மையில் இது வெயிலில் சமைக்கத் தெரிந்த பாக்டீரியா.

பாக்டீரியா என்றால் அதைத் தாக்கவும் வைரஸ் உண்டு. விஞ்ஞானிகள் சயனோஃபேஜ் என்று அழைக்கும் இவற்றை நாம் பாசிவிழுங்கி என்போம். 1963-இல் அமெரிக்காவில் ஒரு கழிவுநீர்க் குட்டையில் முதல் பாசிவிழுங்கி அகப்பட்டது. இந்தியாவிலும் இவை இருப்பதை 1967-இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் ஆர்.என்.சிங்கும் பி.கே.சிங்கும் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள்.

இந்தப் பாசிக் குடும்பம் பெருகிக் கிடப்பதோ கடலில். திண்டுக்கல்லில் கடல் இல்லை. பக்கத்துத் திருச்சியிலும் இல்லை. ஆனால் அங்கே பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் கடல்வாழ் நீலப்பச்சைப் பாசிகளுக்கென்றே 1991 முதல் ஒரு தேசிய மையம் இயங்குகிறது. கடற்கரையே இல்லாத ஊரில் கடற்பாசியைக் குடுவைகளில் வளர்த்துக் காக்கிறார்கள் என்பது எனக்கு எப்போது நினைத்தாலும் சந்தோஷம் தரும் செய்தி.

கடல் பாசிகளில் மிகச் சிறியது புரோகுளோரோகாக்கஸ். ஒரு தலைமுடியின் அகலத்துக்குள் சுமார் நூறு பேர் தோளோடு தோள் உரசி நிற்கலாம். வெப்பக் கடலில் ஒரு லிட்டர் நீர் மொண்டால் அதில் பத்துக் கோடி இருக்கும். இத்தனை இருந்தும் 1988-இல்தான் இது உலகுக்கு அறிமுகமானது. இதைத் தாக்கும் வைரஸ் இன்னும் பத்து மடங்கு சிறியது.

அந்த வைரஸுக்குள் இருப்பது அதன் மரபணுத்தொகுதி, அதாவது நான்கே எழுத்துகளால் எழுதிய முழுச் செய்முறை ஏடு. பி-எஸ்எஸ்பி7 என்ற பாசிவிழுங்கியின் ஏட்டில் ஏறக்குறைய 45,000 எழுத்துகள். அதன் பெரிய உறவினரான பி-எஸ்எஸ்எம்2-இல் 2,52,401. நம்மை வீட்டுக்குள் பூட்டிவைத்த கொரோனா வைரஸின் ஏட்டைப்போல எட்டு மடங்கு. சின்ன ஏட்டையே பாருங்கள். வைரஸின் கூட்டை ஓர் எலுமிச்சம்பழம் அளவுக்குப் பெரிதாக்கினால், உள்ளே சுருட்டித் திணித்திருக்கும் மரபு இழை சணல் நூல் தடிமனில் பதினோரு மீட்டர் நீளும்.

இவ்வளவு நெருக்கடியான பெட்டியில் வேண்டாத சாமானுக்கு இடமிருக்காது. அதனால்தான் 2003-இல் பிரிட்டனின் வார்விக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிக்கோலஸ் மான் குழுவினர் கண்டது எல்லோரையும் திகைக்க வைத்தது. பிளிமத் கடலோரத்தில் எடுத்த எஸ்-பிஎம்2 என்ற வைரஸில் ஒளிச்சேர்க்கைக்கான இரண்டு மரபணுக்கள் இருந்தன. வைரஸ் இலையும் அல்ல, பாசியும் அல்ல; தானாக மூச்சுக்கூட விடாது. அதற்கு எதற்கு ஒளிச்சேர்க்கை?

விடை, அவற்றில் ஒரு மரபணு செய்யும் டி1 என்ற புரதத்தில் இருக்கிறது. வெயிலைப் பிடித்துத் தண்ணீரைப் பிளக்கும் எந்திரத்தின் நடுவில் உட்கார்ந்திருப்பது இதுதான். அந்த வெயிலே அதைச் சிதைக்கவும் செய்கிறது. கடும் வெயிலில் அரை மணி நேரத்துக்குள் பாதி டி1 பழுதாகிவிடும். பாசி ஓயாமல் புதிது செய்து மாட்டிக்கொண்டே இருக்கும். வைரஸ் உள்ளே நுழைந்ததும் பாசியின் சொந்த மரபணுக்கள் ஒவ்வொன்றாக அடங்குகின்றன. அப்படியே விட்டால் டி1 தீர்ந்து எந்திரம் நின்றுவிடும். குஞ்சு வைரஸ்களைச் செய்ய ஆற்றலும் இருக்காது. பி-எஸ்எஸ்பி7-க்குத் தன் வேலையை முடிக்க ஏறக்குறைய எட்டு மணி நேரம் வேண்டும். ஆகவே உதிரி பாகத்துக்கான செய்முறையைக் கையோடு கொண்டுவருகிறது. டெபி லிண்டெலும் சாலி சிஷோமும் சேர்ந்த குழு 2005-இல் இதை நேரடியாகவே காட்டியது: வைரஸின் மரபணுவிலிருந்து பிறந்த டி1, சாகப்போகும் பாசிக்குள் உண்மையாகவே உருவாகிறது.

சூட்சுமம் இதோடு நிற்கவில்லை. பாசிக்குள் வெயிலைப் பிடிக்கும் பிரிவு ஒன்று, அந்த ஆற்றலால் கரியமில வாயுவைச் சர்க்கரையாக்கும் சமையற்கட்டு ஒன்று. இரவானால் சமையற்கட்டை மூட, பாசியிடம் சிபி12 என்ற புரதம் உண்டு. பல பாசிவிழுங்கிகள் அதற்கான மரபணுவையும் கொண்டுவருகின்றன என்று 2011-இல் தெரியவந்தது. நல்ல பகலில் விளக்கை எரியவிட்டு, அடுப்பை மட்டும் அணைக்கிறது வைரஸ். பாசிக்குச் சர்க்கரையாக வேண்டிய ஆற்றல், வைரஸின் மரபு எழுத்துகளை வார்க்கத் திருப்பிவிடப்படுகிறது.

அந்த எழுத்துகளைக் கோக்கப் பாஸ்பரஸும் வேண்டும். டிஏபி மூட்டை தூக்கியவர்களுக்குப் பாஸ்பரஸின் அருமை தெரியும். கடலின் பல பகுதிகளில் அதற்குக் கடும் பஞ்சம். பாஸ்பேட்டைப் பிடித்திழுக்கும் புரதத்தின் மரபணுவையும் சில வைரஸ்கள் வைத்திருக்கின்றன. பாஸ்பரஸ் வறண்ட அட்லாண்டிக் பகுதிகளில் இப்படிப்பட்டவை அதிகம்.

டி1 பிளக்கும் தண்ணீரிலிருந்துதான் ஆக்சிஜன் பிறக்கிறது. அப்படியானால் கடல் தரும் காற்றில் ஒரு பங்கு, செத்துக்கொண்டிருக்கும் பாசிக்குள் வைரஸின் டி1 உழைத்துத் தந்தது.

கடலை விட்டு நன்னீருக்கு வருவோம். நம் குளங்களில் பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோலத் திரளுவது பெரும்பாலும் மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி. அதைத் தாக்கும் ஒரு வைரஸை ஜப்பானின் மிகாடா ஏரியில் எடுத்து, அதன் 1,62,109 எழுத்துகளையும் படித்து 2008-இல் வெளியிட்டார்கள். அதில் டி1 மரபணு இல்லை. இருந்தது என்பிஎல்ஏ என்ற வேறொன்று. நைட்ரஜன் கிடைக்காத நாட்களில் பாசி தன் ஒளி வாங்கும் விசிறிகளைத் தானே பிரித்துத் தின்னப் பயன்படுத்தும் மரபணு அது. பஞ்சத்தில் பண்டம் பாத்திரத்தை விற்றுச் சாப்பிடுவது மாதிரி. கடல் வைரஸ் எந்திரத்துக்கு உதிரி பாகம் கொண்டுவருகிறது. ஏரி வைரஸோ அந்த எந்திரத்தின் விசிறிகளைக் கழற்றும் ஸ்பேனரோடு வருகிறது.