பேனலில் எரியும் விளக்கு எதைச் சொல்கிறது?

மணியாச்சி ஜங்ஷனை வீட்டு மேஜை மேல் ஆறடி நீளத்தில் கட்டப்போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் மதுரை, ஒரு பக்கம் திருநெல்வேலி, இன்னொரு பக்கம் தூத்துக்குடி. 1911 ஜூன் 17 அன்று வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது இங்கேதான் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆஷ் ஏன் அங்கே பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தார்? திருநெல்வேலியிலிருந்து வந்தவர், தூத்துக்குடியிலிருந்து வரும் போட் மெயிலுக்காகக் காத்திருந்தார். ஒரு பாதையில் வந்து இன்னொரு பாதைக்கு மாறும் இடம் அது. மாற பாயிண்ட் வேண்டும். அதாவது தண்டவாளம் பிரியும் இடத்தில் அசைகிற அந்த நாக்கு. நாலைந்து பாயிண்ட் சேர்ந்துவிட்டால் அவற்றைத் திருப்பவும் கண்காணிக்கவும் ஒரு கண்ட்ரோல் பேனல் வேண்டும்.

வண்டி ஓட்டுவது இன்று கஷ்டமில்லை. ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கி, பின்பு அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ தரப்படுத்திய டிசிசி முறை இருக்கிறது. தண்டவாளத்தில் எப்போதும் மின்சாரம் இருக்கும். அதன் திசை வேகமாக மாறிக்கொண்டே இருக்கும். அந்த மாற்றத்தின் நேர அளவுதான் செய்தி. அரைச் சுற்று 58 மைக்ரோ விநாடி என்றால் '1'. 100 அல்லது அதற்கு மேல் என்றால் '0'. ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் ஒரு டிகோடர், அதற்கு ஒரு எண். தன் எண்ணுக்கு வரும் கட்டளையை மட்டும் அது எடுத்துக்கொள்ளும். பாயிண்டுகளுக்கும் இதே முறைதான். ஓர் ஆர்டுயினோ மெகாவும் மோட்டார் ஷீல்டும் இருந்தால், டிசிசி-ஈஎக்ஸ் என்ற இலவச மென்பொருளை ஏற்றி வீட்டிலேயே கட்டளை நிலையம் அமைத்துவிடலாம்.

ஆனால் அடிப்படை டிசிசி ஒருவழிப் பேச்சு. "பாயிண்ட் 3, திரும்பு" என்று சொல்லும். "திரும்பிட்டேன்" என்ற பதில் வராது. (பதில் சொல்ல ரெயில்காம் என்ற நீட்சி உண்டு, எல்லா டிகோடரிலும் அது இருக்காது.) பாயிண்டை அசைக்க நாம் வைக்கும் சின்ன செர்வோ மோட்டாரும் அப்படித்தான். 20 மில்லி விநாடிக்கு ஒருமுறை துடிப்பு அனுப்புகிறோம். கை எங்கே நிற்கிறது என்று அது ஆர்டுயினோவுக்குத் திருப்பிச் சொல்வதில்லை.

இங்கேதான் வீட்டுப் பேனல்கள் பலவும் சறுக்குகின்றன. பட்டனை அமுக்கியதும் பச்சை எல்இடி எரியும்படி வயர் போட்டுவிடுவார்கள். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த விளக்குக்கு "நீ பட்டனை அமுக்கினாய்" என்பது மட்டும்தான் தெரியும். நாக்கில் ஒரு ஜல்லித்துகள் சிக்கிப் பாதியில் நின்றிருந்தாலும் அது எரியும்.

நிஜ ரயில்வே இதை ஒத்துக்கொள்ளாது. நம் ஸ்டேஷன்களில் உள்ள பேனல்களில், பாயிண்ட் விளக்கு எரிய வேண்டுமானால் நாக்குத் தண்டவாளம் உண்மையிலேயே ஒட்டி நிற்பதை அங்கே இருக்கும் தொடர்புகள் உறுதி செய்ய வேண்டும். அந்த உறுதி வராமல் சிக்னல் பச்சைக்குப் போகாது.

இதன் விலை என்ன என்று 2023 ஜூன் 2 காட்டியது. ஒடிசாவின் பாகாநாகா பஜாரில் கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைன் சிக்னல் பச்சை. பாயிண்ட் மட்டும் லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. அங்கே நின்ற சரக்கு வண்டியில் மோதி, 290-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சிக்னல் சர்க்யூட்டில் முன்பு செய்த மாற்றத்திலும், 94-ம் எண் கேட்டின் தடுப்பை மாற்றும் வேலையிலும் நடந்த குறைபாடுகளே காரணம் என்று பாதுகாப்பு ஆணையர் விசாரணை முடிவு சொன்னது. பாயிண்ட் ஒன்று சொல்ல, சிக்னல் வேறொன்று சொன்னது.

மேஜை மேல் யாரும் சாகப்போவதில்லை. ஆனால் பேனல் கட்டுவதில் கற்றுக்கொள்ளத் தகுந்த விஷயம் இதுதான்: கட்டளையையும் நிலையையும் தனித்தனி வயரில் வையுங்கள்.

எப்படி? ஒவ்வொரு பாயிண்டுக்கும் இரண்டு உணரிகள், நாக்கின் இரு முனைக்கும் ஒவ்வொன்று. மைக்ரோ சுவிட்ச் போதும். ஆனால் தூத்துக்குடி மாதிரி உப்பளம் சூழ்ந்த ஊரில் திறந்த செம்புத் தொடர்பு சீக்கிரம் களிம்பேறிவிடும். கண்ணாடிக் குழாய்க்குள் மூடிய ரீட் சுவிட்சும், அசையும் கம்பியில் ஒட்டிய குட்டிக் காந்தமும் இங்கே உத்தமம். செருகும் ஜம்பர் வயர்களுக்குப் பதில் சால்டரிங் செய்துவிடுங்கள்.

புரோகிராமில் விதி எளிது. முதல் உணரி மட்டும் மூடியிருந்தால் 'நேர்' விளக்கு. இரண்டாவது மட்டும் மூடியிருந்தால் 'திருப்பு' விளக்கு. இரண்டும் மூடியிருந்தாலோ இரண்டும் திறந்திருந்தாலோ விளக்கு மினுக்க வேண்டும், சிக்னல் சிவப்பிலேயே நிற்க வேண்டும். கம்ப்யூட்டர் திரையில் பேனல் வரைய உதவும் ஜேஎம்ஆர்ஐ மென்பொருளிலும் இதே சிந்தனை இருக்கு. ஒரு பாயிண்டுக்குக் 'கட்டளையிட்ட நிலை' வேறு, 'அறிந்த நிலை' வேறு. 'தெரியாது', 'முரண்' என்றும் நிலைகள் உண்டு. உணரி எதுவும் இல்லாத முறையைத் தேர்ந்தெடுத்தால், கட்டளையையே நிலை என்று அது எடுத்துக்கொள்ளும். அப்போது நாம் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுவோம்.

கரண்ட் போய்த் திரும்பி வரும்போதும் இதே கேள்விதான். கடைசி நிலையை ஆர்டுயினோவின் நினைவகத்தில் சேமிக்கலாம். ஆனால் அது ஞாபகம் மட்டுமே. இடையில் யாராவது கையால் தள்ளியிருக்கலாம். இயக்கம் தொடங்கியதும் உணரிகளை முதலில் வாசிக்க வேண்டும்.

அடுத்தது, வண்டி எங்கே நிற்கிறது என்பது. நிஜத் தண்டவாளத்தில் ஒரு முனையில் சிறு மின்னழுத்தம், மறுமுனையில் ஒரு ரிலே. வண்டியின் அச்சு குறுக்கே வந்ததும் ரிலே விழும், பேனலில் சிவப்பு எரியும். தண்டவாளம் உடைந்தாலும் வயர் அறுந்தாலும் ரிலே விழும், அப்போதும் சிவப்புதான். மாதிரி ரயிலில் நாம் செய்வது நேர் எதிர். ஒரு துண்டுத் தண்டவாளம் மின்சாரம் இழுக்கிறதா என்று பார்க்கிறோம். இழுத்தால் 'வண்டி இருக்கு'. வயர் அறுந்தால்? மின்சாரம் இழுக்காது, பேனல் 'காலி' என்று சொல்லிவிடும். அதனால் அந்தத் துண்டுக்கு மின்சாரம் போகிறதா என்பதையும் தனியாகக் கவனித்து, போகவில்லையென்றால் சிவப்பு காட்டச் சொல்ல வேண்டும். விளக்கு எதுவும் இல்லாத சரக்குப் பெட்டிகள் மின்சாரம் இழுக்காது என்பதால், அவற்றின் சக்கர அச்சில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை ஒட்டிவிடுவது வழக்கம்.

முகப்புப் பலகை கடைசியில்தான். ஜங்ஷனின் வரைபடத்தை அச்சடித்து, 3 மில்லிமீட்டர் அக்ரிலிக் தகட்டுக்கு அடியில் வைத்துத் துளை போடுங்கள். 5 வோல்ட்டில் சிவப்பு எல்இடிக்கு 330 ஓம் போதும். பின் பற்றாக்குறை வந்தால் எம்சிபி23017 சிப் ஒன்று 16 இணைப்புகள் தரும். அப்படி எட்டு சிப்களை ஒரே இரண்டு வயரில் சேர்க்கலாம். பட்டன்களை நம் ரயில்வே மாதிரியே வையுங்கள்: சிக்னல் பட்டனும் போகும் பாதையின் பட்டனும் சேர்த்து அமுக்கினால்தான் பாதை அமையும். கை தவறி ஒன்றில் பட்டால் எதுவும் நடக்காது.

எல்லாம் முடிந்தபின் ஓர் ஆள் பேனலில், இன்னோர் ஆள் பாயிண்ட் பக்கத்தில் நிற்க வேண்டும். ஒவ்வொன்றாகத் திருப்பி, விளக்கு சொல்வதையும் கண் பார்ப்பதையும் சத்தமாகச் சொல்லி ஒப்பிட வேண்டும். பிறகு நாக்கில் ஒரு தீக்குச்சியை வைத்துத் தடுத்து, விளக்கு மினுக்குகிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு வயரை மாற்றினாலும் இந்தச் சோதனையை முதலிலிருந்து செய்ய வேண்டும்.