கடைசி மழை எதன் மேல் பெய்தது?

கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை என்பார்கள். ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை, மார்கழி பிறந்தால் பனி. கார்த்திகை பாதி கடந்துவிட்டால், ஏரியில் நிற்கும் தண்ணீரைப் பார்த்து ‘இந்த வருஷம் இவ்வளவுதான்’ என்று மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டியதுதான். திருவண்ணாமலைக்காரர்களுக்கு அந்த மாதத்தில் இன்னொரு கணக்கும் ஓடும்: தீபத்துக்கு எத்தனை நாள்?

2024-இல் கார்த்திகை 16, டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. கொடியேற்றத்துக்கு மூன்று நாளும் மகா தீபத்துக்குப் பன்னிரண்டு நாளும் இருந்தன. மாட வீதிகளில் விழா வேலைகள் நடந்துகொண்டிருக்க வேண்டிய நாள். ஊர் முழுக்க மழை.

முந்தின நாள் இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது ஃபெஞ்சல் புயல். கரை ஏறிய புயல் சில மணி நேரத்தில் வலுவிழந்து உள்ளே நகர்ந்துவிடுவதுதான் வழக்கம். ஃபெஞ்சல் புதுச்சேரியை விட்டு நகரவே இல்லை; மணிக்கணக்கில் அங்கேயே நின்றது. புயலுக்குச் சொந்தமாகக் கால் கிடையாது. பல கிலோமீட்டர் உயரத்தில் வீசும் காற்றுதான் அதைத் தள்ளிக்கொண்டு போகும். அந்தக் காற்று பலமிழந்தால் புயல் நின்ற இடத்திலேயே நின்று, கடலின் ஈரத்தை இழுத்து இழுத்து ஒரே ஊரில் கொட்டும். புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 46 செ.மீ-க்கும் மேல், மயிலத்தில் ஏறத்தாழ 50 செ.மீ. பிறகு வலுவிழந்து மெல்ல மேற்கே ஊர்ந்தபோது, கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் ஊத்தங்கரையிலும் ஒரே நாளில் 50 செ.மீ. சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட, தென்பெண்ணைக் கரையில் விழுப்புரமும் கடலூரும் பட்ட பாடு தனிக் கதை.

செ.மீ என்று படிக்கும்போது மழையின் கனம் நமக்கு உறைப்பதில்லை. ஒரு சதுர மீட்டர் தரையில், அதாவது ஒரு சின்னக் கோலம் போடும் இடத்தில், 1 செ.மீ மழை பெய்தால் 10 லிட்டர் தண்ணீர். 20 செ.மீ என்றால் 200 லிட்டர். ஒரு பெரிய பிளாஸ்டிக் டிரம் நிறையும். மலைச்சரிவு முழுக்கக் கோலத்துக்கு ஒரு டிரம் வைத்துப் பாருங்கள். பெரும்பகுதி வழிந்து ஓடிவிடும் என்பது உண்மைதான். மண்ணுக்குள் இறங்கிய மிச்சம்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

அன்று மாலை, அண்ணாமலையின் அடிவாரத்தில் இருக்கும் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து வீடுகளின் மேல் விழுந்தன. ஒரே வீட்டில் ஏழு பேர் சிக்கிக்கொண்டார்கள். அவர்களில் ஐவர் குழந்தைகள். அரக்கோணத்திலிருந்து தேசியப் பேரிடர் மீட்புப் படை வந்தது. தெருவோ குறுகல், சரிவோ செங்குத்து. பொக்லைன் ஏற வழியில்லை. மேலே தொற்றிக்கொண்டு நின்ற பாறை எப்போது உருளும் என்று தெரியாத நிலையில், கையால் மண்ணைத் தோண்டித்தான் தேடினார்கள். யாரையும் உயிரோடு மீட்க முடியவில்லை.

‘எத்தனை கார்த்திகை மழையைப் பார்த்த மலை, இப்போது ஏன்?’ என்பதுதான் அடுத்து எழுந்த கேள்வி. நியாயமான கேள்வி.

அண்ணாமலை கெட்டிப் பாறையால் ஆன மலை. உயரம் 2,668 அடி. நான்கு மாதம் முன்பு, 2024 ஜூலை 30 அன்று, வயநாட்டின் முண்டக்கையிலும் சூரல்மலையிலும் பார்த்த மாதிரி பல அடி ஆழத்துக்கு மண் மூடிய மலை இல்லை. அங்கே மலையே சேறாகி ஆறுபோல ஓடிவந்தது. இங்கே மண் மேலோட்டமாகத்தான் இருக்கிறது. சிக்கல் அந்த மண்ணில் செருகி நிற்கும் உருண்டைப் பாறைகளில்தான். வெயிலும் மழையும் பட்டுப் பட்டு, விரிசல் விட்ட பாறை வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காக உரியும். உரிந்த தோல் மண்ணாகும். உள்ளே இருந்த கெட்டிக் கரு உருண்டையாக மிஞ்சும். விருபாட்சி குகைக்கோ கந்தாசிரமத்துக்கோ ஏறியவர்கள் இந்தப் பாறைகளைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள், சாய்ந்து நின்று படமும் எடுத்திருப்பார்கள். அடுத்த முறை பாறையின் அடியைப் பாருங்கள். மேல்பக்கம் மண்ணில் புதைந்திருக்கும். கீழ்ப்பக்கம் மழை அரித்த இடத்தில் கை நுழைகிற அளவுக்கு இடைவெளி இருக்கலாம். ஒரு சின்னக் கல்லும் ஒரு செடியின் வேரும் முட்டுக்கொடுத்து நிற்கும். ஒரு கன மீட்டர் பாறை இரண்டரை டன்னுக்கும் மேல். வ.உ.சி. நகரில் மீட்புப் பணிக்குக் குறுக்கே நின்ற பாறையின் எடை சுமார் 40 டன் என்று அப்போது சொன்னார்கள். அதாவது ஒரு சிறிய அறை அளவுக் கல்.

இனி, மண் ஏன் பிடியை விடுகிறது என்பதற்கு மெரினாவுக்குப் போகலாம். பிள்ளைகள் காய்ந்த மணலில் வீடு கட்டினால் நிற்காது. கொஞ்சம் ஈரம் சேர்த்தால் சுவர் செங்குத்தாக நிற்கும். அலை ஏறி மணல் முழுக்க ஊறிவிட்டால் அதே சுவர் கூழாகி உட்கார்ந்துவிடும். அளவான ஈரம் மணலை ஒட்டவைக்கிறது. இடைவெளி எல்லாவற்றிலும் தண்ணீர் நிரம்பினால், ஒன்றின் மேல் ஒன்று அழுந்தி நின்ற துகள்களை அந்தத் தண்ணீரே தூக்கிவிடுகிறது, உராய்வு போய்விடுகிறது. மலையில் மண்ணுக்கு அடியில் நீர் இறங்காத பாறை இருப்பதால், இறங்கிய தண்ணீர் அந்த இரண்டுக்கும் நடுவே தேங்குகிறது. எண்ணெய் தடவிய தோசைக்கல்லைச் சாய்த்துப் பிடித்த கதைதான்.

பருவத்தின் தொடக்கத்தில் இதே அளவு மழை பெய்திருந்தால், கோடையில் காய்ந்து கிடந்த மண் ஒரு பங்கைக் குடித்திருக்கும். அக்டோபரும் நவம்பரும் நனைத்துவிட்ட மண்ணில் இன்னும் குடிக்க இடம் குறைவு. அதனால்தான் மண்சரிவைக் கணிப்பவர்கள் இன்றைய மழையோடு நிற்காமல் கடந்த சில வாரங்களின் மழையையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். எவ்வளவு பெய்தது என்று மட்டும் கேட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும். ஏற்கெனவே எப்படி இருந்த மண்ணின் மேல் பெய்தது என்பது மீதி.

இதே கேள்வியைத் தினமும் காலையில் எழுந்ததும் கேட்டுக்கொள்கிற ஒரு கூட்டம் இருக்கிறது. நமக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத கூட்டம்: காஷ்மீரின் குல்மார்க்கில் பனிச்சறுக்கு விளையாடப் போகிறவர்கள். தீபத்துக்காக நாம் கார்த்திகையை எண்ணுவதுபோல அவர்கள் பனிக்காக ஜனவரியை எண்ணுகிறார்கள். 2024 ஜனவரியில் குல்மார்க் புல்தரையாகவே கிடந்தது. மாதக் கடைசியில்தான் பனி தலைகாட்டியது. பிப்ரவரி நடுவில் கொட்டித் தீர்த்தது. குளிர்காலம் முடியப்போகும் நேரத்தில் வந்த புயல் என்றால் அவர்களுக்குக் கொண்டாட்டம். யார் தடமும் படாத புதுப்பனியில் முதல் ஆளாக இறங்குவதற்காகத்தானே அத்தனை தூரம் பறந்து வருகிறார்கள். பிப்ரவரி 22 அன்று, அதே ஊரில் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் நடந்துகொண்டிருந்த நேரத்தில், அஃபர்வட் மலைச்சரிவில் பனிச்சரிவு. ரஷ்யாவிலிருந்து வந்திருந்த சறுக்கு வீரர் ஒருவர் இறந்தார், அவருடன் போனவர்கள் மீட்கப்பட்டார்கள். அதற்கு முந்தின ஆண்டு, 2023 பிப்ரவரி 1 அன்று, அதே மலையில் போலந்துக்காரர்கள் இருவர் இறந்திருந்தார்கள்.

அங்கே நடப்பதும் கிட்டத்தட்ட நம் கதைதான். வறண்ட ஜனவரியில் மேல்மலையின் மெல்லிய பழம்பனி இரவுக் குளிரில் கிடந்து கிடந்து சர்க்கரைபோல உதிரியாகிவிடுகிறது. ஒன்றோடொன்று ஒட்டாது. அதன் மேல் பிப்ரவரிப் புயல் கனத்த பனியை ஒரே மூச்சில் இறக்கினால், பார்க்க மெத்தைபோல இருக்கும். அடியில் சர்க்கரை. 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவில் ஓர் ஆள் கால் வைத்தாலே பாளம் பாளமாகக் கிளம்பிவிடும். அனுபவசாலிகள் புதுப்பனியைப் பார்த்ததும் முதலில் ஒரு குழி தோண்டுவார்கள். பக்கவாட்டில் அடுக்குகளைத் தடவிப் பார்த்து, அடியில் உதிரிப் பனி இருந்தால் அந்தப் பக்கம் போகமாட்டார்கள். பனி மலைகளுக்கு ஆபத்து அளவைச் சொல்லும் அறிவிப்புகளை ராணுவ ஆராய்ச்சித் துறையின் ஒரு நிறுவனம் வெளியிடுகிறது. நிலைமை மோசமென்றால் மேல்மலைக்குப் போகும் கொண்டோலா ரோப் காரை நிறுத்திவிடுவார்கள். கீழே வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். அடுத்த ஆண்டு இன்னும் வேடிக்கை: பனியே இல்லை என்று 2025 பிப்ரவரி விளையாட்டுகளைத் தள்ளிவைத்து, பருவக் கடைசியில் வந்த பனியை நம்பி மார்ச் 9 முதல் 12 வரை நடத்தி முடித்தார்கள்.

திருவண்ணாமலையிலும் அந்தப் பன்னிரண்டு நாளும் ஊர் கேட்டுக்கொண்டிருந்தது கொண்டோலாக் கேள்விதான்: மலை ஏற விடுவார்களா, மாட்டார்களா?

மகா தீபத்தன்று கட்டுப்பாட்டோடு 2,500 பேரை மலையேற அனுமதிப்பது முந்தைய ஆண்டுகளின் வழக்கம். அதற்கு அடையாள அட்டை வாங்கக் காலையிலேயே வரிசை நிற்கும். ஈர மலையில் 2,500 பேர் ஏறி இறங்கினால் என்னாகும் என்று சொல்ல, புவியியல் வல்லுநர் குழு மலையில் நேரடியாக ஆய்வு செய்தது. சட்டமன்றத்திலும் கேள்வி எழுந்தது. அறநிலையத் துறை அமைச்சர் சேகர்பாபு, தீபம் வழக்கம்போல உச்சியில் எரியும், அதற்கு வேண்டிய ஆட்கள் மட்டுமே ஏறுவார்கள் என்று பதில் சொன்னார். பக்தர்களுக்கு அந்த ஆண்டு அனுமதி இல்லை.

சிலருக்கு மனத்தாங்கல்தான். பிள்ளை பிறந்தால் ஏறுகிறேன் என்று வேண்டிக்கொண்டவர் என்ன செய்வார்? எனக்கும் மலையேற ஆசை உண்டு என்பதால் இதை எழுதும்போது கொஞ்சம் நெருடுகிறது. ஆனால் மேலே போகிறவர் தன் உயிரை மட்டும் பணயம் வைப்பதில்லை. சறுக்குபவர் ஒருவர் பனிப்பாளத்தைக் கிளப்பிவிட்டால் கீழே நிற்பவர் தலையில் விழும். பாதையை விட்டு விலகிக் குறுக்கு வழியில் ஏறுகிறவரின் கால் பட்டு ஒரு கல் நகர்ந்தால், அது போய் நிற்கும் இடத்தில் யாரோ சோறு ஆக்கிக்கொண்டிருப்பார்கள்.

தீபம் ஏற்றும் உரிமை பருவதராஜ குலத்தினருடையது. அவர்களும் சுமைதூக்கிகளும் ஈரப் பாதையில் செப்புக் கொப்பரையையும் நெய்யையும் காடா துணித் திரியையும் தூக்கிக்கொண்டு போனார்கள். டிசம்பர் 12-இல்கூட மாநிலத்தின் பல மாவட்டங்களில் மறுபடியும் பெருமழை. 13-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, மாலை 6 மணிக்கு அர்த்தநாரீஸ்வரர் வெளியே வந்த நொடியில் உச்சியில் தீபம் தெரிந்தது. மொட்டை மாடிகளிலிருந்தும் 14 கி.மீ கிரிவலப் பாதையிலிருந்தும் அண்ணாந்து பார்த்தவர்கள் எல்லோரும் ‘அரோகரா’ என்றார்கள்.

மலையேறுகிறவர்களுக்குத் தடை போடுவது ஓர் அறிவிப்போடு முடிந்துவிடும். அடிவாரத்தில் குடியிருப்பவர்கள் விஷயம் அப்படி இல்லை. பௌர்ணமிக் கூட்டம் பெருகப் பெருக, ஊருக்குள் இடமும் வாடகையும் எட்டாத உயரத்துக்குப் போனதும், கையில் காசில்லாதவர் மலைப்பக்கம் நகர்ந்தார். ஆக்கிரமிப்பு என்ற ஒரே சொல்லில் இதை முடித்துவிடலாம்தான். ஆனால் அப்போது, சரிவில் தெருவும் மின்கம்பமும் தானாக முளைத்ததுபோலப் பேச வேண்டியிருக்கும். ஒவ்வொரு கோடையிலும் மலைப்புல்லில் தீப்பிடித்து, மண்ணைப் பிடித்துவைக்கும் வேர்கள் கருகுவதும் இதோடு சேர்ந்த கதை. 1980-களின் பிற்பகுதியிலிருந்து இங்கே மரம் நட்டுக் காப்பாற்றி வருபவர்கள் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

குல்மார்க்கில் இருக்கும் அறிவிப்பு இங்கே உண்டா? இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 2024 ஜூலையில் கொல்கத்தாவில் தேசிய நிலச்சரிவு முன்கணிப்பு மையத்தைத் தொடங்கியது. முதலில் அறிவிப்பு போனது டார்ஜிலிங், காலிம்போங், நீலகிரி மாவட்டங்களுக்கு. திருவண்ணாமலையை மண்சரிவு மாவட்டம் என்று அதுவரை பெரும்பாலோர் நினைத்ததில்லை.

அறிவிப்பு வரும்வரை கண்ணும் காதும்தான். மலையோரத்தில் இருப்பவர்கள் மழை நாளில் பார்க்க வேண்டியவை கைவிரலுக்குள் அடங்கும். வீட்டுச் சுவரிலோ மேட்டிலோ புதிதாக விரிசல். திடீரென்று திறக்க, மூட முரண்டுபிடிக்கும் கதவு. நேராக நின்ற மரமோ கம்பமோ சாய்வது. ஓடை நீர் செம்மண் நிறத்துக்கு மாறுவது, அல்லது மழை கொட்டும்போதே ஓடை வற்றுவது. கடைசியாகச் சொன்னதுதான் மிக மோசம். மேலே எங்கோ மண் சரிந்து தண்ணீரை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

மழை விட்டதும் பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடவும் கூடாது. மேலே விழுந்த தண்ணீர் மண்ணுக்குள் ஊறிப் பாறை மட்டத்துக்கு வந்து சேர நேரம் பிடிக்கும். வானம் வெளுத்த பிறகும் ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள், உறவினர் வீட்டிலோ பள்ளிக்கூடத்திலோ தங்கிவிட்டு, வெயில் ஏறியதும் வந்து முதலில் வீட்டுக்குப் பின்பக்கம் இருக்கும் பாறையின் அடியைப் பார்க்க வேண்டும்.