உங்களுக்குத் தெரியுமா? அன்இன்ஸ்டால் செய்தும் போகாத டேட்டாபேஸ்!

மைஎஸ்க்யூஎல்லை அன்இன்ஸ்டால் செய்துவிட்டீர்கள். கன்ட்ரோல் பேனலில் பெயரைக் காணோம். வேலை முடிந்தது என்றா நினைக்கிறீர்கள்? உங்கள் டேபிள்கள், யூசர்கள், பழைய ரூட் பாஸ்வேர்டு எல்லாம் இன்னும் உள்ளேதான் இருக்கின்றன! சி டிரைவில் புரோகிராம்டேட்டா என்று ஒரு ஃபோல்டர். விண்டோஸ் அதை நம் கண்ணில் காட்டுவதே இல்லை. அதற்குள் மைஎஸ்க்யூஎல், அதற்குள் டேட்டா. 'இதையும் சேர்த்து நீக்கு' என்று நீங்கள் தனியாகச் சொல்லாத வரை ஒரு பைட்கூடக் குறையாது!

மறுபடி இன்ஸ்டால் செய்து புதுப் பாஸ்வேர்டு கொடுத்தால் 1045 என்று ஒரு எர்ரர் வந்து வழி மறிக்கிறதா? பழைய ஃபோல்டரையே அது கண்டெடுத்துக்கொண்டது! நீங்கள் என்றைக்கோ வைத்த அந்தப் பழைய பாஸ்வேர்டைக் கொடுத்துப் பாருங்கள். கதவு திறக்கும்!

இதைக் கோளாறு என்று திட்டாதீர்கள். வேண்டுமென்றேதான் இப்படிச் செய்திருக்கிறார்கள். மென்பொருள் போனால் பத்து நிமிடத்தில் திரும்ப வந்துவிடும். பத்து வருடக் கணக்கு வழக்கு போனால் வருமா? டேட்டாவைத் தொடாமல் விட்டுப்போகும் இந்தப் பழக்கத்தைக் கையெடுத்துக் கும்பிடலாம்!

போஸ்ட்கிரெஸ் இன்னும் ஒரு படி மேல். விண்டோஸில் அதை நீக்கி முடித்ததும், "டேட்டா ஃபோல்டரை நீக்கவில்லை" என்று தானாகவே அறிவித்துவிடும்! படிக்காமல் ஓகே அழுத்துவது நம் கைதான். பழைய பதிப்புகள் இன்னொன்றையும் விட்டுப்போகும். 'போஸ்ட்கிரெஸ்' என்ற பெயரில் ஒரு தனி விண்டோஸ் யூசர்! உங்கள் கம்ப்யூட்டரில், நீங்கள் உருவாக்காத ஒரு ஆள்!

உபுண்டுவில் 'ரிமூவ்' வேறு, 'பர்ஜ்' வேறு! ரிமூவ் செய்தால் புரோகிராம் மட்டும் போகும். செட்டிங் ஃபைல்கள் அப்படியே நிற்கும். பேக்கேஜ் பட்டியலில் அதன் பெயருக்கு முன்னால் 'ஆர்சி' என்று இரண்டு எழுத்து விழுந்திருக்கும். புரோகிராம் நீங்கியது, செட்டிங் மிச்சம் என்று அதற்கு அர்த்தம். இரண்டே எழுத்தில் முழு வாக்குமூலம்!

மைஎஸ்க்யூஎல்லை உருவாக்கிய மோன்டி விடேனியஸ், தன் மூத்த மகள் 'மை' பெயரைத்தான் அதற்கு வைத்தார். அவரே பிறகு உருவாக்கிய மரியாடிபி? இளைய மகள் மரியா! அக்காவை நீக்கிவிட்டுத் தங்கையை இன்ஸ்டால் செய்கிறவர்கள் கவனியுங்கள். இரண்டுக்கும் ஒரே போர்ட், 3306! லினக்ஸில் இரண்டுக்கும் வழக்கமான டேட்டா ஃபோல்டரும் ஒன்றே! ஆனால் மைஎஸ்க்யூஎல் 8.0 விட்டுப்போன ஃபைல்களை மரியாடிபியால் படிக்கவே முடியாது!

கன்ட்ரோல் பேனலில் வரும் அந்த மென்பொருள் பட்டியல் எங்கிருந்து வருகிறது? ரெஜிஸ்ட்ரியில் 'அன்இன்ஸ்டால்' என்ற ஒரு கிளையிலிருந்து. அங்கே ஒரு பதிவை அழியுங்கள். பட்டியலில் பெயர் மாயமாகிவிடும். மென்பொருளோ இம்மியளவும் நகராது!

அடுத்தது நான் தேடிப் பிடித்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. விண்டோஸ் இன்ஸ்டாலர் வழியாக வரும் ஒவ்வொரு மென்பொருளுக்கும் 32 எழுத்தில் ஒரு அடையாளக் குறியீடு உண்டு. மிச்சம் மீதியை அழிக்கலாம் என்று அந்தக் குறியீட்டை ரெஜிஸ்ட்ரியில் தேடுகிறீர்கள். இன்ஸ்டாலரின் சொந்தக் கிளையில் மட்டும் அகப்படவே மாட்டேன் என்கிறது. ஏன் தெரியுமா? அங்கே அதைத் திருப்பிப் போட்டு எழுதி வைத்திருக்கிறார்கள்! முதல் 8 எழுத்து பின்னிருந்து முன்னாக. அடுத்த 4 பின்னிருந்து முன்னாக. அதற்கடுத்த 4 எழுத்தும் அப்படியே. மீதி 16 எழுத்தும் இரண்டிரண்டாக இடம் மாறி! திருப்பி எழுதித் தேடிப் பாருங்கள். உடனே வந்து நிற்கும்!

எஸ்க்யூஎல் சர்வர் 2019-இன் பொதுவான ஃபைல்கள் எந்த ஃபோல்டரில் இருக்கும்? '150'! 2022 என்றால் '160'. 2008 என்றால் '100'. அந்த எண்ணுக்குள் 'செட்டப் பூட்ஸ்ட்ராப்', அதற்குள் 'லாக்', அதற்குள் 'சம்மரி' என்று ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல். அன்இன்ஸ்டால் எங்கே முட்டி நின்றது என்பதை அது எழுதி வைத்திருக்கிறது!

விண்டோஸ் இன்ஸ்டாலரை விரிவான லாக் எழுதச் சொன்னால் ஆயிரக்கணக்கான வரிகள் கொட்டும். மலைக்க வேண்டாம். 'ரிட்டர்ன் வேல்யூ 3' என்று மட்டும் தேடுங்கள். அந்த இடத்துக்குச் சற்று மேலேதான் குற்றவாளி! இந்த ஒன்றுக்காகவே இந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொள்ளலாம்!

விண்டோஸ் இன்ஸ்டாலர் முடிவில் ஒரு எண் சொல்லும். 1603 வந்தால் தோல்வி. 1618 வந்தால், பின்னால் வேறு ஏதோ இன்ஸ்டால் ஓடிக்கொண்டிருக்கிறது. 3010 வந்தால்? பயப்படாதீர்கள், அது வெற்றி! ஒரு ரீஸ்டார்ட் கேட்கிறது, அவ்வளவுதான்!

எஸ்க்யூஎல் சர்வரை நீக்கப் போனால் 1612 என்று வருகிறதா? இதற்குப் பின்னால் பெரிய கதையே இருக்கிறது. விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'இன்ஸ்டாலர்' என்று மறைந்திருக்கும் ஒரு ஃபோல்டர் உண்டு. இன்ஸ்டால் செய்த மென்பொருள்களின் செட்டப் ஃபைல்கள் அங்கே பெயர் மாற்றி, புரியாத எண்ணும் எழுத்துமாகச் சேமிக்கப்படுகின்றன. ஜிபி கணக்கில் இடம் பிடிப்பதைப் பார்த்துவிட்டு, "குப்பைதானே" என்று பலர் அழித்துவிடுகிறார்கள். அங்கேதான் வினை! இன்ஸ்டால் செய்வதற்கு மட்டுமல்ல, நீக்குவதற்கும் அதே ஃபைல் வேண்டும்! அது இல்லையென்றால் அப்டேட்டும் ஏறாது, அன்இன்ஸ்டாலும் ஆகாது. காணாமல்போன ஃபைல்களைப் பட்டியலிட மைக்ரோசாஃப்ட்டே 'ஃபைண்ட் எஸ்க்யூஎல் இன்ஸ்டால்ஸ்' என்று ஒரு ஸ்கிரிப்ட் வெளியிட வேண்டி வந்தது என்றால் பாருங்கள்! பழைய இன்ஸ்டால் சிடியைத் தூக்கிப் போடாதவர்கள் பாக்கியசாலிகள்!

சேஃப் மோடில் போய் நீக்கலாமே என்கிறீர்களா? விண்டோஸ் இன்ஸ்டாலர் சர்வீஸ் சேஃப் மோடில் வழக்கமாக ஓடவே ஓடாது!

சர்வீஸை டெலீட் செய்தாயிற்று. ஆனாலும் பட்டியலில் பிடிவாதமாக நிற்கிறது. 'நீக்குவதற்காகக் குறிக்கப்பட்டுள்ளது' என்று எர்ரர் 1072 வருகிறது. காரணம் என்ன தெரியுமா? போய்விட்டதா என்று பார்ப்பதற்காக நீங்கள் திறந்து வைத்திருக்கும் அந்த சர்வீசஸ் விண்டோவேதான் பல நேரம் காரணம்! அதை மூடுங்கள். மறைந்துவிடும்!

ஆரக்கிள் ஃபோல்டரை அழிக்கப் போனால் 'ஓசிஐ' என்ற டிஎல்எல் ஃபைல் மட்டும் வரமாட்டேன் என்கிறதா? ஆரக்கிளின் எல்லா சர்வீஸையும் நிறுத்தியாயிற்று, அப்புறம் யார் அதைப் பிடித்துக்கொண்டிருப்பது? மைக்ரோசாஃப்ட்! விண்டோஸின் 'டிஸ்ட்ரிபியூட்டட் டிரான்சாக்‌ஷன் கோஆர்டினேட்டர்' சர்வீஸை நிறுத்திப் பாருங்கள். ஃபைல் பிடி தளர்ந்து வந்துவிடும்!

ஃபோல்டரை அழித்தாலும் ஆரக்கிளின் நினைவு போகாது. 'இன்வென்டரி' என்று தனியாக ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறது. அதில் பெயர் இருக்கும் வரை, பழைய 'ஹோம்', அதாவது இன்ஸ்டால் செய்த ஃபோல்டர், இன்னும் இருப்பதாகவே சாதிக்கும்! 11ஜி ரிலீஸ் 2 பதிப்பிலிருந்து 'டீஇன்ஸ்டால்' என்று ஒரு கருவியே கூட வருகிறது. நீக்குவதற்கென்றே தனிக் கருவி!

யாருமே அன்இன்ஸ்டால் செய்யத் தேவைப்படாத ஆரக்கிள் எது? பதிப்பு 1! 1979-இல் விற்பனைக்கு வந்த முதல் பதிப்புக்கே 'பதிப்பு 2' என்று பெயர் வைத்துவிட்டார்கள்!

டேட்டாபேஸோடு இணைக்கும் ஓடிபிசி டிரைவரை நீக்கிவிட்டீர்கள், இணைப்பின் பெயர் மட்டும் மிச்சம். அதை அழிக்கப் போனால், "டிரைவர் இல்லை, அதனால் அழிக்க முடியாது" என்கிறது! முதலில் இணைப்பு, பிறகு டிரைவர் என்ற வரிசையில் நீக்கினால் இந்தச் சிக்கலே இல்லை. இன்னொரு அதிசயம் கேளுங்கள். 64 பிட் விண்டோஸில் ஓடிபிசி கருவி இரண்டு உண்டு, இரண்டுக்கும் ஒரே பெயர். 'சிஸ்டம் 32' ஃபோல்டரில் இருப்பதுதான் 64 பிட்! 'சிஸ்வாவ் 64' ஃபோல்டரில் இருப்பது 32 பிட்! ஒன்றில் காணாத இணைப்பை மற்றொன்றில் கண்டிப்பாகத் தேட வேண்டும்!

பாத் வேரியபிளில் தங்கிவிட்ட பழைய டேட்டாபேஸின் ஃபோல்டர் பெயரை நீக்க 'செட்எக்ஸ்' கட்டளையைத் தொடாதீர்கள்! அது 1024 எழுத்துக்கு மேல் இருப்பதை வெட்டி எறிந்துவிடும்!

லினக்ஸில் 40 ஜிபி டேட்டா ஃபைலை அழித்தீர்கள். ஃபோல்டர் காலி. டிஸ்க்கில் இடம் மட்டும் ஒரு ஜிபிகூடக் கூடவில்லை! டேட்டாபேஸ் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், பெயர் இழந்த அந்த ஃபைலும் உயிரோடு இருக்கும். சர்வரை நிறுத்தும் நொடியில் 40 ஜிபியும் திரும்பி வரும்!

ஏதாவது டேட்டாபேஸ் இன்னும் ஓடுகிறதா என்று சோதிக்க ஐந்து எண்கள் உதவும். எஸ்க்யூஎல் சர்வருக்கு 1433, ஆரக்கிளுக்கு 1521, மைஎஸ்க்யூஎல்லுக்கு 3306, போஸ்ட்கிரெஸுக்கு 5432, மாங்கோடிபிக்கு 27017. 'நெட்ஸ்டாட்' போட்டுப் பாருங்கள். வழக்கமான போர்ட்டில் ஓடும் எதுவும் இதில் சிக்கிவிடும்!

உங்கள் கம்ப்யூட்டரில் டேட்டாபேஸ் இருப்பதே உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்! 2003-இல் அப்படித்தான் பலர் மாட்டினார்கள். 'எம்எஸ்டிஇ' என்ற குட்டி எஸ்க்யூஎல் சர்வர் வேறு பல மென்பொருள்களோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. இருப்பதே தெரியாதவர் எப்படி நீக்குவார்? எப்படி அப்டேட் செய்வார்? ஜனவரி 25. 'ஸ்லாம்மர்' என்ற புழு கிளம்பியது. அதன் மொத்த அளவு 376 பைட். இந்தப் பத்தியைவிடச் சின்னது! ஆரம்பத்தில் 8.5 நொடிக்கு ஒருமுறை இரட்டிப்பானது. பாதிக்கப்படக்கூடிய கம்ப்யூட்டர்களில் 90 சதவீதத்தை வளைத்துப்போட அதற்கு ஆன நேரம் 10 நிமிடம்! பலியானவை குறைந்தது 75,000! ஓட்டையை அடைக்கும் பேட்ச் ஆறு மாதம் முன்பே வெளிவந்திருந்தது என்பதுதான் வயிற்றெரிச்சல்!

இன்ஸ்டாலே செய்யாமல் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கும் டேட்டாபேஸும் உண்டு. எஸ்க்யூலைட்! அமெரிக்கக் கடற்படையின் போர்க்கப்பல் ஒன்றுக்காக மென்பொருள் எழுதிக்கொண்டிருந்த ரிச்சர்ட் ஹிப், சர்வரே இல்லாத ஒரு டேட்டாபேஸ் வேண்டும் என்று 2000-இல் உருவாக்கினார். சர்வர் இல்லை, சர்வீஸ் இல்லை, போர்ட் இல்லை, அன்இன்ஸ்டால் பட்டனும் இல்லை! விண்டோஸ் 10-க்குள் இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸுக்குள் இருக்கிறது. உங்கள் ஆண்ட்ராய்டு போனிலும் ஐபோனிலும் இருக்கிறது. இன்று உலகில் புழக்கத்தில் இருக்கும் எஸ்க்யூலைட் டேட்டாபேஸ்கள் எத்தனை? அதை உருவாக்கியவர்களின் மதிப்பீடு, 1 லட்சம் கோடிக்கு மேல்!