எல்லை தாண்டி செடி வந்தால் என்ன செய்வது?



நம் உறுப்பினர்களில் பலருக்கு அரை ஏக்கர், ஒரு ஏக்கர் தேயிலைதான் சொத்து. பக்கத்துத் தோட்டக்காரர் ஒரு வரிசை செடியை நம் பக்கம் தள்ளி நட்டால் என்ன செய்கிறோம்? சண்டை போடுகிறோம். இல்லையென்றால் "நமக்கு எதுக்கு வம்பு" என்று சும்மா இருக்கிறோம். இரண்டுமே நஷ்டம்தான். அவர் அதைத் தனக்குச் சொந்தம் என்று வெளிப்படையாக 12 வருஷம் தொடர்ந்து அனுபவித்தால், 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி நம் உரிமையே போய்விடலாம்.

சரி, என்ன செய்யலாம்?

1. பட்டா, புலப்படம் இரண்டையும் எடுத்து வையுங்கள். பட்டா இன்னும் மாமனார் பெயரில் இருந்தால் முதலில் பெயர் மாற்ற மனுக் கொடுங்கள்.

2. முதலில் பக்கத்து வீட்டாரிடம் பொறுமையாகப் பேசுங்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும்.

3. சரிவரவில்லை என்றால் நிலத்தை அளக்கக் கட்டணம் கட்டி மனுச் செய்யுங்கள். 2023 நவம்பர் முதல் இணையம் வழியாகவும் செய்யலாம்.

4. சர்வேயர் அளக்கும் நாளில் கட்டாயம் அங்கே இருங்கள். குழுவில் இரண்டு பேரைத் துணைக்குக் கூப்பிடுங்கள்.

5. அதன் பிறகும் விடவில்லையா? தாலுகா சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. உதவி எண் 15100.

எல்லைக் கல்லை நாமே பிடுங்கக் கூடாது, அது குற்றம். செடியையும் வெட்டாதீர்கள். கோபம் ஒரு நாள். நிலம் நம் பிள்ளைகள் காலத்துக்கும் வேண்டும். இந்த மாதக் கூட்டத்தில் எல்லோரும் பட்டாவை எடுத்து வந்து பாருங்கள்.