ஆளில்லாத இடத்திலும் பானை ஏன் ஒரே இடத்தில் இருக்கிறது?

சூளை வேலை தெரிந்தவர்கள் வெப்பமானியைத் தேடுவதில்லை. தீவாயில் தெரியும் நிறமே போதும். மங்கிய சிவப்பு என்றால் இன்னும் விறகு தள்ள வேண்டும். செம்மஞ்சளுக்கு வந்தால் மண் வெந்துவருகிறது. புவிசார் குறியீடு பெற்ற வில்லியனூர் சுடுமண் உருவங்களும் இப்படி நெருப்பில் வெந்து வந்தவைதான். சூடான பொருள் ஒளியை வெளியே விடுகிறது. குவாண்டம் இயற்பியலின் ஒரு நெடுநாள் சிக்கலுக்கும் இந்த ஒளிக்கும் தொடர்பு உண்டு.

எலக்ட்ரானின் முன்னால் இரண்டு துளைகள் இருந்தால், அது இரண்டு வழியிலும் ஒருசேரப் போனதுபோல் திரையில் வரிவரியான பட்டைகள் விழும். எந்தத் துளை வழியாகப் போகிறது என்று கண்காணித்தால் பட்டைகள் மறைந்துவிடும்.

அப்படியானால் பார்க்கும் மனிதர்தான் உலகை முடிவு செய்கிறாரா? நோபல் பரிசு பெற்ற யூஜின் விக்னரே 1961-இல் மனித உணர்வுக்கு இதில் பங்குண்டு என்று எழுதினார். பிறகு அந்தக் கருத்தை அவரே விட்டுவிட்டார். ஆனாலும் தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் இன்னும் விடுவதாக இல்லை!

1999-இல் வியன்னாவில் ஆன்டன் சைலிங்கர், மார்கஸ் ஆர்ன்ட் குழுவினர் 60 கார்பன் அணுக்கள் கொண்ட ஃபுல்லரீன் மூலக்கூறுகளிலும் இந்தப் பட்டைகளைக் கண்டார்கள். 2004-இல் அதே குழு 70 அணு ஃபுல்லரீனை லேசரால் சூடாக்கியது. சூடு ஏற ஏறப் பட்டைகள் மங்கின. கடைசியில் இல்லாமலே போயின. சூளை மண்ணைப் போல மூலக்கூறும் ஒளியை உமிழ்ந்தது. அந்த ஒளித்துகள்கள் அது எந்த வழியாகப் போனது என்ற தடயத்தைச் சுமந்து சென்றன. அவற்றை யாரும் பிடித்துப் பார்க்கவில்லை. தடயம் வெளியே கசிந்ததே போதுமானதாக இருந்தது. இயற்பியலில் இதற்கு ஒத்திசைவு குலைதல் என்று பெயர்.

பாகூர் ஏரிக்கரையில் ஆளே இல்லாத நேரத்தில் கிடக்கும் ஒரு பானையை எடுத்துக்கொள்வோம். ஆறிப்போன பிறகும் அது சுமார் 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் அகச்சிவப்புக் கதிரை ஓயாமல் விட்டபடி இருக்கும். போதாததற்குக் காற்று வேறு: ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் நொடிக்கு ஏறத்தாழ 3-க்குப் பின் 23 சுழியம் போட்ட அளவுக்கு மூலக்கூறுகள் வந்து மோதுகின்றன. மோதித் திரும்புகிற ஒவ்வொன்றும் பானை இருக்கும் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் தகவலைக் கொண்டுபோகிறது. அது ஒரே நேரத்தில் இங்கும் அங்கும் இருக்கும் நிலை, அப்படியொன்று உண்டானாலும், கணத்தில் குலைந்துவிடும்.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. பட்டைகள் ஏன் மறைகின்றன என்பது விளங்குகிறது. இருந்த வாய்ப்புகளில் இந்த ஒன்று மட்டும் ஏன் நடந்தது என்பதில் இயற்பியலாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. சோதனைகள் மட்டும் பெரிய பொருள்களை நோக்கி நகர்கின்றன. 2019-இல் வியன்னா குழு சுமார் 2,000 அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளிலும் பட்டைகளைக் காட்டியது. அரைக் கிலோ சுடுமண் பானையில் இருக்கும் அணுக்களை எண்ண 1-க்குப் பின் 25 சுழியம் வேண்டும்.