பூச்சி மருந்தின் இருவகைப் பிடி

மாலத்தியான் போன்ற ஆர்கனோபாஸ்பரஸ் மருந்துகளும், கார்போபியூரான் குருணை போன்ற கார்பமேட் மருந்துகளும் பூச்சியைக் கொல்லும் வழி ஒன்றே. நரம்பு ஏவலைக் கடத்தும்போது அஸிடைல்கோலின் என்னும் வஸ்து சுரக்கிறது. ஏவல் முடிந்ததும் அதனைச் சிதைப்பது ஒரு நொதி. மருந்து அந்நொதியைப் பற்றிக்கொள்வதால் ஏவல் ஓயாமல் பூச்சி துடித்து மாள்கிறது. மனிதருக்கும் மாட்டுக்கும் இதே நொதி உண்டென்பதைத் தெளிப்போர் பலர் எண்ணுவதில்லை.

ஆயினும் பிடியில் பேதமுண்டு. கார்பமேட்டின் பிடி பெரும்பாலும் ஒரு நாளைக்குள் தானே நெகிழும். மற்றதன் பிடியோ நேரம் செல்லச்செல்ல இறுகி, விடுபடாமலே போகும். உடல் புதிய நொதியை உண்டாக்கிக்கொள்ள வாரக்கணக்காகும். ஆதலின் ஒரே ஆளை அடுத்தடுத்த நாட்களில் தெளிக்க விடுதல் தகாது. முதல் நாளின் குறை தீருமுன் மறுநாளின் குறையும் சேரும். கூலி மிச்சமென்று அவ்விதம் செய்வோர் பலர்.

எச்சில் பெருகுதல், வியர்வை, கண்மணி சுருங்குதல், தசைத்துடிப்பு, மூச்சுத்திணறல் ஆகியவை கண்டால், உடுப்பைக் களைந்து, சோப்பும் நீரும் கொண்டு உடம்பைக் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்க. அட்ரோபின் இருவகை விஷத்திற்கும் கொடுக்கப்படும். நொதியை விடுவிக்கவல்ல பிராலிடாக்ஸைம் பெரும்பாலும் ஆர்கனோபாஸ்பரஸுக்கே உரியது. பிடி இறுகியபின் அதனாலும் விடுவிக்க இயலாது. எவ்வகை மருந்தென்று வைத்தியர் அறியவேண்டுமாதலால், லேபிள் கிழியாத டப்பாவையும் உடன் கொண்டுபோதல் அவசியம். கிராம அதிகாரிகள் இதனைத் தெளிப்பாட்களுக்கும் தெரிவிப்பார்களாக.